தண்டல் மீரான் சாயபுவின் உத்தியோகம்

“தண்டலு, பாய எறக்கிடலாமா? காத்து திரும்புது பாரு.”

படகின் முன்முனையில் குந்தியிருந்தவன் சொன்னான். பின்னால் சுக்கானைப் பிடித்திருந்த ஒல்லி மனிதர் ஒரு கையால் கயிற்றை அவிழ்த்தார். பாய் பெருமூச்சு விட்டுச் சுருங்கியது. ஏரி எங்களை ஒரு நிமிஷம் அப்படியே உள்ளங்கையில் வைத்துக்கொண்டது. போகவும் விடவில்லை, நிற்கவும் விடவில்லை.

மாசி மாதத்து வெயில். தண்ணீர் தகரத் தகடு மாதிரிக் கண்ணில் குத்தியது. தார் வாசனை, ஈரக் கயிற்றின் வாசனை, எங்கோ காயும் மீனின் வாசனை. என் மடியில் சர்க்கார் பை. பைக்குள் ஒரே ஒரு நோட்டீசு.

“யாரைத் தண்டல்னு கூப்பிடறீங்க?” என்று கேட்டேன்.

“அவரத்தான். வேற யாரு கீறாரு இங்க?”

“அவர் பேரா அது?”

முன்னால் இருந்தவன் சிரித்தான். “பேரு இல்ல சார். படகுக்குப் பெரிய தலை தண்டலு. எப்போ பாய் ஏத்தறது, எப்போ எறக்கறது, எந்தத் தொறைல நிக்கறது, அல்லாம் அவரு சொல்றதுதான். கடல்ல தோணி ஓடுன காலத்துலேர்ந்தே அப்படித்தான். சர்க்காரு ஆளு, இதுகூடத் தெரியாமயா உத்தியோகம் பாக்கறீங்க?”

சுக்கான்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார். “அவருக்கு இன்னாடா தெரியும். மேட்டுப் பக்கத்து ஆளு.”

பைக்குள் கையைவிட்டு நோட்டீசைத் தொட்டுப் பார்த்தேன். வெளியே எடுக்கவில்லை. எடுக்காமலே தெரியும். ‘தண்டல் மீரான் சாயபுவின் வாரிசுகள்’ என்று அதன்மேல் என் கையெழுத்தில் எழுதியிருந்தது.

அந்தத் தண்டல் யார் என்று ஆபீசருக்கு எழுதிக் கொடுத்தவனும் நான்தான். ‘வரி வசூலிக்கும் சேவகர்’ என்று எழுதியிருந்தேன்.

செத்துப்போன உத்தியோகங்கள்

ஜமீன்கள் ஒழிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பழைய மானிய நிலங்கள் யாருக்குச் சேர வேண்டும் என்று விசாரிக்க ஒரு தனித் தாசில்தாரைப் போட்டிருந்தார்கள். கும்மிடிப்பூண்டியில் ரயில் பாதைக்குப் பக்கத்தில், பயணிகள் தங்கும் முசாபரி பங்களாதான் கேம்ப் ஆபீஸ். கல்கத்தா மெயில் போகும்போது மேஜைமேல் மைக்கூடு நடுங்கும். நான் அங்கே தற்காலிக குமாஸ்தா. திருவள்ளூரில் பள்ளிக்கூடம் முடித்து, நாலு வருஷம் சும்மா இருந்து, கடைசியில் கிடைத்த நாற்காலி. அதிலும் ஒரு கால் ஆடும்.

விசாரணையின் சட்டம் சுருக்கமானது. ஊழியத்துக்காகக் கொடுத்த நிலம் என்றால், அந்த ஊழியம் நின்றதும் நிலம் சர்க்காருக்குத் திரும்பிவிடும். ஓர் ஆளுக்கென்று கொடுத்த கொடை என்றால் வாரிசுகளுக்குப் பட்டா. எல்லாம் ஒரே கேள்வியில் தொங்கியது: அந்தக் காலத்தில் அந்த மனிதர் யார்?

காகிதங்கள் கிழக்கிந்தியக் கும்பினி காலத்தவை. தொட்டால் உதிரும். அவற்றில் மனிதர்களைவிட உத்தியோகங்கள்தான் அதிகம். டலாயத்து, அமீன், சிரஸ்தார், துபாஷி, முச்சலிக்கா என்ற உறுதிப்பத்திரம் எழுதிய யாரோ, அதற்குச் சாட்சி போட்ட யாரோ. டலாயத்து என்றால் கேடயம் பிடித்தவனாம். கேடயம் போய், பிறகு தபால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். துபாஷி இரண்டு நாக்கு உள்ளவன். ஒன்றால் வெள்ளைக்காரனிடம் பேசி இன்னொன்றால் நம்மவனிடம் பேசி, நடுவில் தனக்கு ஒரு மாளிகை கட்டிக்கொண்டவன். கும்பினியை ஒரு மகாராணி என்றே ஊர்க்காரர்கள் நினைத்திருந்தார்களாம். கும்பினியம்மா புண்ணியத்தில் மழை என்று ஒரு மனுவே பார்த்தேன்.

எங்கள் ஆபீசரான அந்தத் தாசில்தார் மேற்குக் கரைக்காரர், மங்களூர்ப் பக்கம். தமிழ் பேசுவார், எழுத்து வாசிக்க வராது. அதனால் பழைய சொற்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் தயாரிக்கச் சொன்னார்கள். இடப் பக்கம் சொல், வலப் பக்கம் இங்கிலீஷில் அர்த்தம். ஆபீசர் வலப் பக்கம் மட்டும் படிப்பார். நாற்பத்துமூன்று சொற்கள். இரண்டு வாரம் மினுக்கி மினுக்கி எழுதினேன். அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் எந்த வேலையிலும் நான் அனுபவித்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வேர்

சந்தோஷத்துக்குக் காரணம் என் அப்பா. அவர் தமிழ் வாத்தியார். கடைப் பலகையில் ஒற்று விட்டுப்போயிருந்தால் உள்ளே போய்ச் சொல்லிவிட்டுத்தான் சாமான் வாங்குவார். சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டாலும் சும்மா இருப்பார். சொல்லில் வேர் தெரியாவிட்டால் தூக்கம் வராது.

அவர் பிள்ளைக்குத் ‘தண்டல்’ என்ற சொல் எதிரில் வந்தது. தண்டுதல் என்றால் வசூலித்தல். இறை தண்டுதல், வரி தண்டுதல். தண்டுகிறவன் தண்டல்காரன், சுருக்கமாகத் தண்டல். நல்ல தமிழ் வேர், பளிச்சென்று தெரிகிறது. வேறு யாரைக் கேட்க வேண்டும்? நான் கடலைப் பார்த்ததே அந்த வேலைக்கு வந்த பிறகுதான்.

இப்போது அதே கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்திருக்கிறது. சவுக்குத் தோப்பு இருந்த இடத்தில் புகைபோக்கி. போன மாதம் ரயிலில் ஒரு பெரியவரிடம் உங்கள் பிள்ளை என்ன செய்கிறான் என்று கேட்டேன். “ஷிப்ட்டுல கீறான் சார்” என்றார். நூறு வருஷம் கழித்து ஒரு குமாஸ்தா இதைப் படித்தால், ஷிப்ட் என்பது ஓர் ஊர் என்று எழுதிவிடுவான். எழுதி, கீழே கையெழுத்தும் போடுவான்.

நானும் போட்டிருந்தேன்.

நல்ல தண்ணீர்

நோட்டீசு கொண்டுபோக வேண்டிய பியூனுக்குக் காய்ச்சல் என்பதால்தான் அன்றைக்கு நான் படகில் ஏறினேன். ஏரிக்கரையில் இறங்கி, முழங்கால் சேறு கடந்து, சவுக்குக்குள் நடந்தேன். மீரான் சாயபுவின் கொள்ளுப்பேத்தி சுலைகா பீவி கிணற்றடியில் நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இறந்தபின் அந்த மூன்று ஏக்கரா, அந்தக் கிணறு, ஓட்டு வீடு, இவ்வளவும்தான் அவர் பிழைப்பு. வேர்க்கடலை போட்டு, சவுக்கு வெட்டி, தனியாளாக நடத்திக்கொண்டிருந்தார். ரிஜிஸ்தரில் பெயர் மட்டும் அண்ணன் மஸ்தான் சாயபுவுடையது. அவருக்குப் பொன்னேரியில் மளிகைக் கடை.

“மொதல்ல தண்ணி குடிங்க தம்பி. அப்புறம் சர்க்காரு பேச்சு.”

உப்பு ஏரிக்கு இருபது எட்டில் இனிக்கிற தண்ணீர். நோட்டீசை அவரிடம் கொடுத்துவிட்டு, குடித்துக்கொண்டே எப்படிச் சொல்வது என்று தேடினேன்.

“அம்மா, உங்க முன்னோர் தண்டல் மீரான் சாயபு தோணி ஓட்டினவரா?”

“ஆமா. உப்புத் தோணி. பொயல்ல கும்பினிக்காரனுங்க பத்து பேரக் கரை சேத்தாராம். அதுக்குத்தான் இந்த நெலம். எங்க வாப்பா சொல்வாரு. எங்க அண்ணன் வேற மாதிரி சொல்வாரு.”

“வேற மாதிரின்னா?”

“சர்க்காரு தண்டலு, வரி வசூலு, குதிரையில போவாருன்னு. தொறையில கூலிக்கு நிக்கறவன் கூட்டம்னு யாரும் சொல்லிடக் கூடாதுல்ல. இப்போ அவரு பொண்ணுக்கு மீஞ்சூர்ல சம்பந்தம் பேசிக்கினு கீறாரு. மாப்பிள்ளைக்கு வாப்பா சர்வேயரா இருந்தவரு. வுடுவாரா எங்க அண்ணன்? நாங்களும் சர்க்காரு குடும்பம்தான்னு ஊரு பூரா சொல்லியாச்சு” என்று சிரித்தார்.

“வியாழக்கிழமை விசாரணையில அப்படிச் சொன்னா இந்த நிலம் போயிடும்மா. வரி வசூல்னா அது ஊழியம். ஊழியம் இப்ப இல்ல. அதனால நிலமும் இல்லன்னு எழுதிடுவாங்க.”

அவர் சிரிப்பு நின்றது. “கெணறும் சேத்தா?”

“கிணறும் சேத்துதான்.”

“ஒரு வார்த்தைக்கா?”

நான் தலையசைத்தேன்.

“வரி வசூலுன்னு யாரு எழுதினது அத்த?”

இருபது வருஷத்துக்கு மேலாக நினைவில் இந்த இடத்தில் வந்து நிற்கிறேன். ஒவ்வொரு தடவையும் வேறு பதில் சொல்லிப் பார்க்கிறேன். அன்றைக்குச் சொன்னது இதுதான்: “ஆபீசுல எழுதியிருக்காங்க.”

“எந்தப் பாடையில போறவன் எழுதினானோ” என்றார் சுலைகா பீவி. “இன்னும் கொஞ்சம் தண்ணி குடிக்கிறீங்களா தம்பி?”

குடித்தேன். அண்ணனிடம் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். “முப்பாட்டன் படகுல இருந்தாருன்னு சொல்லச் சொன்னா, காதுல வுழாத மாதிரி பீடி பத்த வெப்பாரு. ஆனாலும் சொல்றேன்.”

ராகவலு

மறுநாள் ஹெட் கிளார்க் ராகவலுவிடம் போனேன். ஆரம்பாக்கத்துக்காரர், தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் மெல்லுவார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார். முழுதும் கேட்டார்.

“பட்டியல் யாரு பாஸ் பண்ணது?”

“நீங்க.”

“கீழ கையெழுத்து?”

“நான்.”

“மேல போயிட்ச்சா?”

“போயிடுச்சு.”

“அப்போ அது தப்பு இல்ல நைனா. மேல போற வரிக்கும்தான் தப்பு. போயிட்ச்சுன்னா அது ரெக்கார்டு.” வெற்றிலையை மடித்தார். “உன் ஆர்டரு பங்குனி வரிக்கும். நானு உனுக்கு எழுதிக்கினு கீறேன், இன்னும் ஆறு மாசம் குடுங்கன்னு. நீ போய் வாயத் தொறந்தா, உன் பேரும் இல்ல, என் பேரும் இல்ல. இன்னாத்துக்கு பேஜாரு? சாயபு வருவாரு, அவரே சொல்லிக்குவாரு.”

அவரே சொல்லிக்கொள்வார். அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினேன். சோற்றில் கை வைத்தால் அதுதான். கோப்பு கட்டினால் அதுதான். நாடா முடிச்சு விரலுக்கு அகப்படவில்லை.

வியாழக்கிழமை

மஸ்தான் சாயபு சலவைச் சட்டையில் வந்தார். துருக்கித் தொப்பி. கூடவே மீஞ்சூர் சம்பந்தி. குடும்பப் பெருமையை சர்க்கார் வாயாலேயே கேட்கட்டும் என்று அழைத்து வந்திருந்தார். இரண்டு பேருக்கும் பெஞ்சு போட்டார்கள். சுலைகா பீவி தாழ்வாரத்தில் கதவோரம் நின்றார். என் கண்ணைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். இல்லை. அண்ணன் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

வாக்குமூலம் எழுதுவது நான். பேனாவில் மை நிரப்பி உட்கார்ந்தேன்.

ஆபீசர் வலப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கேட்டார். “உங்கள் முன்னோர் கும்பினியில் வரி வசூலித்த சேவகர். அப்படித்தானே?”

“ஆமாங்க” என்றார் மஸ்தான் சாயபு, சம்பந்தியைப் பார்த்துக்கொண்டே. “பெரிய உத்தியோகங்க. எங்களது சர்க்காரு குடும்பம்.”

எழுதினேன்.

“அந்த ஊழியத்தை இப்போது உங்கள் குடும்பத்தில் யாராவது செய்கிறார்களா?”

“எங்கங்க. அந்தக் காலத்தோட போச்சு.”

எழுதினேன். ஒவ்வொரு பதிலும் ஒரு படி. கீழே கிணறு. மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார், தங்கையின் கிணற்றுக்குள்.

“கடைசியாக ஒன்று. எந்தெந்த ஊரில் வசூல் செய்தார்?”

சாயபு தயாராக இருந்தார். வீட்டில் வழிவழியாக வந்த பட்டியல் போலிருக்கிறது; ஓதுகிற மாதிரி ராகமாக வந்தது. “மசூலிப்பட்டணம், காக்கிநாடா, நாகப்பட்டணம், யாழ்ப்பாணம், திருகோணமலை. அல்லா ஊரும் அவரு கைக்குள்ள.”

ஆபீசர் நிமிர்ந்தார். “யாழ்ப்பாணம்?”

“ஆமாங்க. வருசத்துக்கு ரெண்டு தபா.”

“இலங்கைக்குப் போய் வரி வசூலித்தாரா? நம்முடைய வரியை?”

சம்பந்தி இருமினார். மஸ்தான் சாயபுவின் தொப்பிக் குஞ்சம் மட்டும் ஆடியது.

ஆபீசரின் முகம் மாறியது. கோபம் இல்லை, களைப்பு. தினமும் பொய் கேட்கிறவரின் களைப்பு. “வாக்குமூலம் நம்பத்தக்கதாக இல்லை. ஊழிய மானியம், ஊழியம் இல்லை. எழுதுங்கள்” என்றார் என்னைப் பார்த்து.

பேனா காகிதத்தில் பட்டது. ஒரு பொட்டு மை இறங்கிப் பரவியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராகவலு பின்னாலிருந்து தொண்டையைச் செருமினார்.

“சார், அவர் பொய் சொல்லலை” என்றேன். “அவர் சொன்னதெல்லாம் துறைமுகம். பட்டியலில் தப்பு. நான் எழுதினதுதான். தண்டல் என்றால் வசூல் என்று எழுதிவிட்டேன். இந்தப் பக்கத்தில் தோணியின் தலைவனுக்குத்தான் அந்தப் பெயர்.”

தாழ்வாரத்துப் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே தெரிந்தது, சுலைகா பீவி என்னைப் பார்க்கிறார் என்று.

“அசலில் என்ன சொல்?” என்றார் ஆபீசர்.

“தண்டல்.”

அவர் அதை வாய்க்குள் இரண்டு முறை புரட்டினார். “தண்டல். தண்டேலன். எங்கள் கரையில் படகுத் தலைவனைத் தண்டேலன் என்பார்கள். என் வீட்டு வாசலிலேயே நாலு தண்டேலன்கள்.” பட்டியலை எடுத்துப் பார்த்தார். “இரண்டு மாதமாக இந்தச் சொல்லை யாரும் என் காதில் போடவில்லையே.”

போட்டிருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். அவருக்குத் தெரிந்த சொல்லின்மேல் என் இங்கிலீஷைப் போட்டு மூடியிருந்தேன்.

அவர் மஸ்தான் சாயபுவிடம் திரும்பினார். “குமாஸ்தா சொல்வது போதாது. உங்கள் வாயால் வரவேண்டும். உங்கள் முன்னோர் வரி வசூலித்தாரா, தோணியில் இருந்தாரா?”

சம்பந்தி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மஸ்தான் சாயபுவின் நெற்றியில் தொப்பி விளிம்பிலிருந்து ஒரு கோடு வேர்வை இறங்கியது. அவர் துடைக்கவில்லை.

தாழ்வாரத்திலிருந்து குரல் வந்தது. உரக்க இல்லை. “அண்ணே, நாளிக்கு நானு எங்க போய்த் தண்ணி சேந்தறது?”

அவர் கண்ணை மூடித் திறந்தார். “தோணிதாங்க” என்றார். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆபீசர் காதுமேல் கை வைத்தார்.

“தோணிதாங்க” என்றார் மறுபடி. பிறகு தலையைத் தூக்கி, என்னைப் பார்த்து, ஏதோ நான் குறைத்து எழுதிவிடுவேன் என்பதுபோல விரலை நீட்டினார். “ஆனா தண்ணி மேல அவருதான் சர்க்காரு. அத்தயும் எழுதிக்கோ.”

எழுதினேன். ஒரு சொல் மாற்றாமல் எழுதினேன். கும்பினிக்காரர்களைக் கரை சேர்த்ததற்கான கொடை என்று ஆபீசர் குறித்துக்கொண்டார். பட்டா மஸ்தான் சாயபுவுக்கும் சுலைகா பீவிக்கும் சேர்த்து வந்தது. அந்தக் கல்யாணமும் நடந்ததாகக் கேள்விப்பட்டேன். என் ஆர்டர் பங்குனியோடு நின்றுபோனது. ராகவலு என்னோடு பேசுவதை அதற்கு முன்பே நிறுத்திவிட்டார்.

ஆனால் அன்றைக்கு அவர்கள் கையெழுத்துப் போட்டு எழுந்த பிறகும் ஆபீசர் அடுத்த கேசைக் கூப்பிடவில்லை. பட்டியலை என் பக்கம் நகர்த்தினார்.

“இதில் எத்தனை சொல்?”

“நாற்பத்துமூன்று சார்.”

“இதை வைத்து எத்தனை கேஸ் முடித்தோம்?”

“ஒன்பது.”

“எந்தச் சொல்லுக்காவது, அந்த வீட்டு மனிதர்களைக் கேட்டாயா?”

மெயில் போய்க்கொண்டிருந்தது. அது முழுக்கப் போகட்டும் என்று காத்திருப்பவன்போல நின்றேன். போய்விட்டது.

“இல்லை சார்.”

அவர் பீரோவைத் திறந்து ஒன்பது கோப்புகளையும் எடுத்துக் கொடுத்தார். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன். தாழ்வாரத்துப் படியில் சுலைகா பீவி அண்ணனுக்காகக் காத்திருந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலாம் என்றும் இருந்தது. அவர் சற்று நகர்ந்து உட்கார்ந்தார்.

மேல் கோப்பைப் பிரித்தேன். ஊத்துக்கோட்டைப் பக்கத்து நிலம். ‘கரைக்காரர்’ ஒருவருக்குக் கொடுத்தது. ஏரிக்கரையைக் காக்கும் ஊழியர் என்று எழுதியிருந்தேன். நிலத்தை எடுத்துக்கொள்ள உத்தரவு போய் ஒரு மாதம் ஆகியிருந்தது.

“அம்மா, கரைக்காரருன்னா யாரும்மா?” என்று கேட்டேன்.

“எனுக்கு எப்பிடித் தம்பி தெரியும்” என்றார் அவர். “கரைன்னா எங்களுக்கு ஏரி முடியற எடம். அவங்களுக்கு இன்னாவோ. அவங்க ஊட்லதான் போய்க் கேக்கணும்.”